அம்மா சாம்பிராணி காட்டிய தேயிலை வட்டு

என் ஆசை அப்பாவுக்கு,

அங்கேயும் தண்ணீரை அளந்துதான் தருகிறார்களா? இல்லை, தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கலாமா? எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன்.

உங்களுடைய முதல் வருசத் திதி போன வாரம் முடிந்தது. பேப்பரில் படம் போட்டு நினைவஞ்சலி கொடுக்கலாம் என்று சித்தப்பா சொன்னார். படத்துக்குக் கீழே நாலு வரிக்குத்தான் இடமாம். "மறைந்தாலும் மறையாத..." என்று அவரே ஆரம்பித்தார். அடுத்த வரி வராமல் தலையைச் சொறிந்தார். எனக்கு நாலு வரி போதாது அப்பா. அதனால் அதே பேப்பருக்குத் தனியாக இதை எழுதுகிறேன்.

ஆட்கள் முன்னால் வாயே திறக்காத பெண், ஊரே படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுவே எனக்குப் பெரிய வசதி.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். பிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் கெட்டுவிட்டது. அம்மா இன்னும் அதே பேரங்காடியில்தான் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறார். முட்டி வலியோடு படியேறி வந்து, கதவைத் திறந்ததும் முதல் வேலையாக லிஃப்டைத் திட்டுவார். அப்புறம் உங்கள் படத்தைப் பார்த்து, "இன்னிக்கும் ரிப்பேர் பண்ணலங்க" என்று முறையிடுவார். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், நோன்புக்கு இந்த முறையும் கஞ்சி கொடுத்தனுப்பினார். பழக்கத்தில் உங்களுக்கும் சேர்த்தே ஊற்றிவிட்டாராம்.

இன்னொரு செய்தி. நான் இப்போது உங்கள் கடையில் வேலை பார்க்கிறேன். உங்கள் கடை என்றால், ஈப்போ பழைய டவுனில் நீங்கள் லோரி ஓட்டினீர்களே, அதே சீனத் தேயிலைக் கடை. கடை முதலாளி தவுக்கேயின் மகள் மெய் லிங் அக்காதான் இப்போது எல்லாம் பார்த்துக்கொள்கிறார். உங்கள் காரியத்துக்கு வந்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்து, வேலை வேண்டுமென்றால் வா என்றார். எனக்கு யாரிடமும் பேச வேண்டாத வேலை கொடுத்திருக்கிறார். பின்கட்டில் உட்கார்ந்து தேயிலை வட்டுகளுக்குத் தாள் சுற்றுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு வட்டு என்றால் என்னவென்று தெரியாது அப்பா. அவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தேயிலையை ஆவியில் இளக்கி, துணியில் முடிந்து, மேலே கனமான கல்லை வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். ஊத்தப்பம் அளவுக்கு வட்டமாக, பலகை மாதிரிக் கெட்டியாக வரும். துணி முடிச்சு இருந்த இடத்தில் நடுவே ஒரு குழி இருக்கும். தாளில் சுற்றி வைத்துவிட்டால் வருசக் கணக்கில் இருக்கும். இருக்க இருக்கக் கறுக்கும், கசப்பு போகும், ருசி கூடும். சீனர்கள் கந்தோனீஸ் மொழியில் போ லே என்பார்கள். நாங்கள் வீட்டில் சும்மா வட்டு என்றுதான் சொல்வோம்.

அம்மா சொல்கிற பெயர் வேறு. வரட்டி.

நான் பிறந்த கதையை அம்மா சொல்ல ஆரம்பித்தால் வரட்டியில்தான் ஆரம்பிப்பார். கடைக்கு வருகிற சீனர்கள், பிள்ளை பிறந்த வருசத்துத் தேயிலையில் ஒரு வட்டு வாங்கிப் பத்திரமாக வைப்பார்கள். பிள்ளையோடு அதுவும் வளரும். பிள்ளையின் கல்யாணத்தன்று உடைத்துக் குடிப்பார்கள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தபோது அக்குளில் ஒரு வட்டோடு வந்து நின்றிருக்கிறீர்கள்.

"ஊர்ல பொம்பளப் பிள்ள பொறந்தா ஒரு குந்துமணி தங்கம் வாங்குவாங்க. இந்த மனுசன் வரட்டி தட்டிக் கொண்டாந்தாரு" என்று அம்மா சொல்வார். நீங்கள் உடனே, "தங்கத்தக் கொதிக்க வெச்சுக் குடிக்க முடியுமா லா?" என்பீர்கள். இத்தனை வருசமும் அதே புகார், அதே பதில். இப்போது அம்மா புகாரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பேன். வராது.

அந்த வட்டைக் கடைக் கிடங்கிலேயே, மேல் தட்டில், தவுக்கேயிடம் கேட்டு வைத்திருந்தீர்கள். வீட்டில் சமையல் வாசம் பட்டுவிடும் என்பீர்கள். லோரி ஓட்ட முடியாமல் போன அன்றுதான் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தீர்கள்.

சிறுநீரகம் கெட்டுப்போன வருசத்தைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். உங்களுக்குப் பிடிக்காது. வாரத்தில் பாதி நாள் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் மெஷினோடு போய்விடும். அம்மா வேலையை விட்டால் வீடு ஓடாது. உங்களைக் கூட்டிப்போக ஆள் வேண்டும். அதனால் நான் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். நீங்கள் அதை நினைத்து அழுததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் பேசிய வார்த்தைகளைவிட, உங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசியவைதான் அதிகம். அதை உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

தண்ணீர்தான் பெரிய கொடுமை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன மினரல் போத்தல். குழம்பு, ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். ஈப்போ வெயிலில் ஒரு மனிதன் அதை வைத்துக்கொண்டு எப்படி இருப்பான்? அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் நீங்கள் கெஞ்சியது நினைவிருக்கிறதா?

"மிஸ்ஸி, தேத்தண்ணி குடிக்கலாமா?"

"குடிக்கலாம் அங்கிள். சின்ன கப்புல ஒண்ணே ஒண்ணு. அதுவும் போத்தல் கணக்குல கழிச்சுக்கணும்."

"சின்ன கப்புன்னா எவ்வளவு சின்னது?"

"உங்க ஆசைய விட சின்னது அங்கிள்."

வீட்டுக்கு வந்ததும் சீனர்கள் தேநீர் குடிக்கிற குட்டிக் கிண்ணங்களை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னீர்கள். கடையில் வாய் உடைந்ததென்று ஒதுக்கிய சின்ன மண் கெட்டிலும் வந்தது. "பாரு பாப்பா, சீனன் எனக்குன்னே செஞ்சு வெச்சிருக்கான்" என்றீர்கள். உங்கள் கைக்குள் அந்தக் கிண்ணம் இருப்பதே தெரியவில்லை.

உங்கள் கையில் தெம்பில்லை. அதனால் நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் போடுவேன். கடையில் கழித்த சாதா வட்டு ஒன்று இருந்தது. அதை நொறுக்கக் கூடாது. இலை உடைந்தால் கசக்கும். ஓரத்தில் லோரி டெஸ்ட் பென்னைச் செருகி, மெதுவாக நெம்பி, பாளம் பாளமாகப் பிரிக்க வேண்டும். "கரண்டு பாக்குற சாமானால தேயிலை நோண்டுறாங்க, அப்பனும் மகளும்" என்று அம்மா சமையல்கட்டிலிருந்து சத்தம் போடுவார்.

முதல் கொதிநீரை ஊற்றியதும் கொட்டிவிட வேண்டும். எவ்வளவோ வருசம் தூங்கின இலை, அதை எழுப்புகிற தண்ணீர் அது என்பீர்கள். அடுத்த தண்ணீரை ஊற்றி, மூச்சை இழுத்துவிடுகிற நேரத்தில் வடித்துவிட வேண்டும். நம் தேத்தண்ணி மாதிரி ஒரே கொதியில் எல்லாவற்றையும் பிழிந்துவிடக் கூடாது. ஊற்று, வடி, ஊற்று, வடி. ஒரே இலை சாயங்காலம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முதலில் கறுப்பட்டிப் பாகு நிறம். அப்புறம் சிவப்பு. கடைசியில் வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி வெளுத்து, வெறும் இனிப்பு மட்டும் தொண்டையில் நிற்கும். பால் இல்லை, சீனி இல்லை. அவசரமும் இல்லை.

அதில் ஒரே ஒரு கிண்ணம்தான் உங்களுக்கு. மற்றதெல்லாம் எனக்கு. நீங்கள் கெட்டில் மூடியை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வீர்கள். "வாய் ரெண்டு சொட்டு குடிக்கட்டும். மூக்கு வயிறு நிறையக் குடிக்கட்டும்" என்பீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்புவீர்கள்.

"என்னா ருசி? சொல்லு."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியாது. நன்றாக இருக்கிறது என்றால் விடமாட்டீர்கள். "நல்லாருக்குன்னு எனக்கும் தெரியும். என்னாலதான் குடிக்க முடியல. நீ சொன்னாத்தான் எனக்கு ருசி." அதற்குமேல் எப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?

"ஈரச் சாக்கு மாதிரி இருக்குப்பா."

"ஈரச் சாக்கா? காசு குடுத்து வாங்குறவன் கேட்டா அழுவான் லா! நல்லா யோசி."

"சுட்ட சர்க்கரவள்ளிக் கிழங்கோட தோல்."

"ம். இது பரவால்ல. அடுத்தது?"

அடுத்தது மழை விட்ட பிறகு கோயில் மரக்கதவு. அதற்கடுத்தது அரிசி களைந்த தண்ணீர். நான் சொல்லச் சொல்ல நீங்கள் வெறும் வாயை அசைத்து விழுங்குவீர்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு பேச்சை எதிர்பார்த்ததில்லை. உங்கள் நாக்குக்காக நான் பேசக் கற்றேன் அப்பா. இப்போது கடையில் எத்தனையோ தேநீர் குடிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு பெயர் வருகிறது. யாரிடம் சொல்வது?

நீங்கள் போனபிறகு, உங்கள் அஸ்தியை லுமுட் கடலில் கரைத்துவிட்டு வந்த அன்று, அம்மா அலமாரியைத் திறந்தார். நான் பிறந்த வருசத்து வட்டை எடுத்தார். தாளோடு அதற்கு விபூதி பூசி, பொட்டு வைத்து, சாமி மேடையில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். வரட்டி என்று திட்டின அதே அம்மாதான். எனக்கு அன்று அது அழகாகத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் உங்களுக்கும் வட்டுக்கும் கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி. புகையைத் தட்டோடு வட்டமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, அம்மா அதன் முன்னால் நின்று தாழ்ந்த குரலில் பேசுவார். வேலை இடத்தில் யார் என்ன சொன்னார்கள், காய் என்ன விலை, நான் சாப்பிட்டேனா இல்லையா. உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்வது முறையீடு. வட்டைப் பார்த்துச் சொல்வதுதான் பேச்சு.

கடையில் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா எனக்கு மல்லிகைச் சரம் வைத்துவிட்டார். பின்கட்டுக்குள் காலை வைத்ததும் மெய் லிங் அக்கா கையை நீட்டி மறித்துவிட்டார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"பூவைக் கழற்றி வெளியே வை. தலையில் எண்ணெய் இருக்கிறதா? அதற்கும் ஒரு துணி கட்டிக்கொள். மூட்டு வலித் தைலம் பூசியிருந்தால் இன்றைக்கு வீட்டுக்கே போய்விடு."

நான் பயந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"திட்டவில்லை. இந்தத் தேயிலை சின்னப் பிள்ளை மாதிரி. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும். அப்புறம் மறக்கவும் மறக்காது."

அன்று முழுக்க எனக்குத் தாள் நேராக மடியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அம்மா இன்னும் வந்திருக்கவில்லை. மேடையிலிருந்து வட்டை எடுத்து, தாளின் ஒரு மடிப்பை மட்டும் பிரித்து மூக்கை வைத்தேன். சாம்பிராணி. அதற்குப் பின்னால் கற்பூரம். அதற்கும் பின்னால் நீங்கள் இருக்கிறீர்களா என்று தேடினேன். எங்கேயோ கொஞ்சம் இருந்த மாதிரி இருந்தது. என் ஆசையாகவும் இருக்கலாம்.

மறுநாள் மெய் லிங் அக்காவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். ஒருவர் வீட்டில் இப்படி ஆகிவிட்டது, என்ன செய்வது என்று. யார் வீடு என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நன்றாகப் பழுத்த வட்டுகளில் கற்பூர மரத்தின் வாசம் தானாகவே வருமாம். அதற்காகவே தேடி வருகிறவர்கள் உண்டாம். "ஆனால் அது உள்ளேயிருந்து வருவது. உன் அம்மா செய்வது வெளியேயிருந்து போவது" என்றார். "இப்போதே எடுத்துக் காற்றாட வைத்தால் கொஞ்சம் மீட்கலாம். விட்டால், சாம்பிராணிதான்."

அந்த வாரமே நான் வட்டை எடுத்து மண் ஜாடியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, ஜன்னல் பக்கத்துத் தட்டில் வைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்லலாம் என்று வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா படியேறி வந்தார். லிஃப்டைத் திட்டினார். மேடையைப் பார்த்தார்.

"அவர எங்க?"

அது எங்கே என்று கேட்கவில்லை அப்பா. அவர எங்க என்றுதான் கேட்டார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் ஜாடியைக் காட்டினேன். அம்மா அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு மேடைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாம்பலையும் கடல்ல விட்டாச்சு. பிளாட்டுல நமக்குன்னு ஒரு பிடி மண்ணு கிடையாது. கையில புடிக்கிற மாதிரி அவருது வேற என்னா இருக்கு, பாப்பா? இதாச்சும் முழுசா இருக்கட்டும்."

நான் கோர்த்த வார்த்தை எல்லாம் அறுந்துவிட்டது. வட்டு மேடைக்கே திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. அம்மா புகை காட்டும்போதெல்லாம் நான் சமையல்கட்டில் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன், ஏதோ அதனால் அந்த வட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பது மாதிரி. அம்மாவுக்கு அது முழுசாக வேண்டும். எனக்கு அதன் உள்ளே இருக்கிறது வேண்டும். இரண்டு பேருக்கும் நீங்கள்தான் வேண்டும். யார் விட்டுக்கொடுப்பது?

திதியன்று காலையிலேயே சித்தப்பா பீடோரிலிருந்து ஒரு கூடை கொய்யாவும், பேப்பர் பையில் ஒரு கறுப்பு பீர் போத்தலும் கொண்டுவந்தார். போத்தலைப் படையலுக்குப் பக்கத்தில் பவ்வியமாக வைத்தார்.

"உங்கண்ணன் என்னிக்குக் குடிச்சாரு?" என்றார் அம்மா.

"அவரு குடிக்க மாட்டாரு அண்ணி. அவரு பாத்துட்டு எனக்குக் குடுத்துருவாரு."

அம்மா இலையில் என்னவெல்லாம் வைத்தார் தெரியுமா? வாழைப்பழம். உருளைக்கிழங்கு. கருவாட்டுக் குழம்பு. இளநீர். கடைசிக் காலத்தில் டாக்டர் வேண்டாம் என்றதெல்லாம் வரிசையாக வைத்தார். அப்புறம் பெரிய சொம்பை எடுத்து, விளிம்பு தளும்புகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றி, இலைக்கு நேரே வைத்தார். நான் தட்டு எடுத்து மூடப் போனேன். "மூடாத. அவரு பாக்கட்டும்" என்றார்.

கற்பூரம் ஏற்றினார். சாம்பிராணித் தட்டை எடுத்து இலைக்குக் காட்டினார். படத்துக்குக் காட்டினார். பிறகு வட்டின் பக்கம் திரும்பினார்.

"மா, அதுக்குக் காட்டாதீங்க."

என் குரல்தான். அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

"யாரு, பாப்பாவா பேசுனது?" என்றார் சித்தப்பா. "அண்ணி, நான் இன்னும் போத்தலத் தொறக்கவே இல்ல லா."

அம்மா சிரிக்கவில்லை. தட்டைப் பிடித்தபடியே நின்றார். "என்னாது?"

"புகை, மா. வட்டுக்கு வேணாம். அது எல்லா வாசத்தையும் இழுத்துக்கும். உள்ள இருக்கிறது போயிக்கிட்டு இருக்கு."

"நான் அவருக்குத்தான் காட்டுறேன். கெடுக்கவா காட்டுறேன்?"

"தெரியும் மா."

"தெரிஞ்சா ஏன் இத்தன நாளு சொல்லல?"

"நீங்க அதுகிட்டப் பேசிக்கிட்டு இருந்தீங்க. எப்படி மா சொல்றது?"

சித்தப்பா அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கித் தரையில் வைத்தார். அம்மா வட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னா பண்ணணும்ங்கிற? ஒடைக்கணுமா? ஒடைச்சிட்டா எங்கிட்ட என்னா இருக்கும்?"

"ஒடைக்காமலே போயிக்கிட்டு இருக்காரு மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம, கொஞ்சம் கொஞ்சமா."

இப்படி ஒரு வார்த்தையை அம்மாவிடம் சொல்லலாமா? அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் தானே மேடைக்குப் போய் வட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"ஒட. ஆனா பாதி எனக்கு வேணும். எம் பாதிக்கு நான் என்னா வேணாப் பண்ணுவேன். பொட்டு வெப்பேன், சாம்பிராணி காட்டுவேன், பேசுவேன். நீ கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"உம் பாதிக்கு நான் வரமாட்டேன். சரியா?"

"உங்க ரெண்டு பேருக்கும் சொத்து பிரிக்க என்னிய சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார் சித்தப்பா. இந்த முறை அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

தாளைப் பிரித்தேன். விபூதி உதிர்ந்தது. உங்கள் டெஸ்ட் பென்னை ஓரத்தில் செருகி நெம்பினேன். மேல் பாளம் தனியாக வந்தது. சாம்பிராணி மணம் முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமை எல்லாம் அந்த மேல் தோலில்தான் இருந்தது. உள்ளே போகப் போக இலை இறுகிக்கொண்டே போனது. நடுக்குழியைச் சுற்றிக் கல்லாக இருந்தது. அங்கே வட்டு இரண்டாகப் பிளந்தபோது, நான் மூக்கை வைக்கவில்லை. பயமாக இருந்தது.

உடைத்த வட்டைக் கொஞ்ச நாள் ஜாடியில் காற்றாட விட்டுப் பிறகுதான் குடிக்க வேண்டும். நாங்கள் அதற்கெல்லாம் பொறுக்கவில்லை. நடுக்குழிக்குப் பக்கத்தில் இருந்த இலையை எடுத்துக் கெட்டிலில் போட்டேன். தண்ணீர் கொதிக்கவைக்க எழுந்தபோது அம்மா சொம்பைக் காட்டினார்.

"அதுல இருந்து எடு. அவரு குடிச்சது போக மிச்சம் நமக்குத்தான?"

முதல் தண்ணீரைக் கொட்டினேன். இரண்டாவதை வடித்து மூன்று கிண்ணத்தில் ஊற்றினேன். சித்தப்பா ஒரே வாயில் விழுங்கிவிட்டுக் கட்டிப்பால் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா முறைத்த முறைப்பில் போத்தலோடு வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "மருந்து மாதிரி இருக்கு." அடுத்த கிண்ணத்துக்கு முகம் சுளிக்கவில்லை. அடுத்ததைத் தானே நீட்டி வாங்கினார். அவசரப்படாமல் குடித்தார். அம்மா உட்கார்ந்து எதையும் மெதுவாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

காலிக் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனவர், பாதியில் நிறுத்தி மூக்கருகே கொண்டு போனார். தேநீர் தீர்ந்து கிண்ணம் ஆறுகிறபோதுதான் அடியில் வாசம் நன்றாகத் தெரியும். அது அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மோந்தார். கையை எடுத்தார். மறுபடியும் மோந்தார்.

"பாப்பா, இது உங்கப்பா சட்டை."

எனக்குப் புரியவில்லை.

"சாயங்காலம் வந்து கழட்டிப் போடுவாருல்ல. அந்தச் சட்டை. லோரி நாத்தம், கெடங்கு ஈரம்னு நெனச்சேன். இத்தன வருசம் இந்த வாசத்தத்தான் நான் சோப்பு போட்டு ஊற வெச்சு, பிரஷ் போட்டுத் தேச்சேன்."

கிண்ணம் நன்றாக ஆறிப்போன பிறகும் அம்மா அதை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. நான் அடுத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்பா, இந்த வட்டை நீங்கள் என் கல்யாணத்துக்கு என்று வைத்தீர்கள். நாங்கள் காத்திருக்கவில்லை. கோபமா? அம்மாவின் பாதி மேடையில் இருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமையே அதற்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. என் பாதியை ஜாடியில் போட்டு, கடைக் கிடங்கில் மெய் லிங் அக்கா காட்டிய தட்டில் வைத்திருக்கிறேன். அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார், "உம் பாதியில கொஞ்சம் கொண்டாறியா?" என்று. தன் பாதியைத் தொடச் சொல்ல மாட்டார்.

கொண்டுபோகத்தான் போகிறேன். மிச்சம் பிடிக்க மாட்டேன். எனக்கென்று ஒளித்து வைக்கவும் மாட்டேன். அம்மா கேட்கும்போதெல்லாம் ஒரு பாளம் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அது வெளுத்து வெறும் தண்ணீராகிற வரைக்கும் ஊற்றிக் கொடுப்பேன். ஒரு நாள் அது தீர்ந்துவிடும். அந்தக் கடைசிக் கிண்ணத்தின்போதும் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன், பேசிக்கொண்டு இருப்பேன். உங்களுக்கு இது என் வாக்கு.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்,
உங்கள் ஒரே மகள்
தர்ஷினி
ஈப்போ